மூன்று சக்கரத்தில் இரண்டு பேரப் பிள்ளைகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. வங்கி கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் பேசிய பேச்செல்லாம் "அடுத்து யாருங்க?" என்பதுதான். ஆனால் ஜூன் மாதத்திலிருந்து தெருவில் என்னை நிறுத்திக் கேள்வி கேட்காதவர்கள் இங்கே குறைவு. "என்ன சார், தண்ணி கேன் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு அம்மா கைதட்டி நிறுத்தி, பழைய பேப்பர் கிலோ என்ன விலை என்று கேட்டார். வண்டியில் என் பேத்தியும் பேரனும் உட்கார்ந்திருப்பதை அதற்கு அப்புறம்தான் பார்த்தார். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை என்று செயலாளரிடம் சொன்னேன். "அப்போ கூட்டத்திலேயே சொல்லிடுங்க" என்று பதினைந்து நிமிஷம் ஒதுக்கிவிட்டார்.

ஏன் இந்த மூன்று சக்கர சைக்கிள் என்பதை முதலில் சொல்கிறேன். அது என் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறது.

போன வருஷம் வரை பிள்ளைகள் ஆட்டோவில் பள்ளிக்குப் போனார்கள். ஆட்டோவில் எத்தனை பேர் என்று ஒரு நாள் எண்ணினேன், ஒன்பது. டிரைவர் பக்கத்தில் ஒரு பையன் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். பேத்தி பின்னால், பேரன் முன்னால் ஃபுட்போர்டில் நின்றுகொண்டு, நடுவில் இரண்டு புத்தகப் பை. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறீர்கள். நானும் அதில் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, கிரிவலப் பாதையில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி விழவில்லை, நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. நின்றுகொண்டிருந்த பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கிறான். வாய் நேராக ஹேண்டில்பாரில் மோதியது. சட்டையெல்லாம் ரத்தம். முன் பல் இரண்டு போயிற்று. பல் டாக்டர் பார்த்துவிட்டு, "பால் பல்தான் சார், முளைச்சிடும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லை மாமா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு என் வேகம் முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. ஐந்து வயதுக் குழந்தையின் முகத்துக்கு முப்பத்தைந்து ரொம்ப அதிகம்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 128-வது பிரிவின்படி இரு சக்கர வண்டியில் ஓட்டுநரைத் தவிர ஒரே ஒருவர்தான் ஏறலாம், அவரும் பின்னால் இருக்கும் சரியான இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன்னால் நிற்கவைப்பதற்கு இடமே இல்லை. நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதத்திலிருந்து 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 2022-ல் மத்திய அரசு தனியாக ஒரு விதி கொண்டுவந்து, 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் பெல்ட் வேண்டும், அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. நம் தெருவில் அந்தப் பெல்ட்டை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். நான் பார்த்ததில்லை.

சரி, ஸ்கூட்டர் வேண்டாம், ஆட்டோ வேண்டாம், காருக்கு வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது.

1991, 92-ல் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிளையில் குமாஸ்தா. அறிவொளி இயக்கம் உச்சத்தில் இருந்த சமயம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். படிக்கச் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், மாலையில் பஸ் கிடையாது, யாரையும் எதிர்பார்க்காமல் போய் வர என்ன வழி என்று யோசித்து, சைக்கிள் கற்றுக்கொள்வதையே எழுத்தறிவுத் திட்டத்தில் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார். பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளையும் முடுக்கினார். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதா என்று டீக்கடைகளில் கேலி பேசினார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளோடு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள், கேலி அடங்கிப்போயிற்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கடன் மனுக்களில் சில என் மேஜை வழியாகப் போயின. ரொம்பச் சின்னத் தொகை. எங்கள் மேனேஜர், "இதுக்கு லெட்ஜர் எழுதுற மையே நட்டம்பா" என்பார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காத ஊர்களில் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள், சிலர் லேடீஸ் சைக்கிள் கிடைத்தாலும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றார்கள். ஏன் என்று தவணை கட்ட வந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். கல் குவாரியில் வேலை செய்கிறவர். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "புள்ளைய எங்க உக்கார வெக்கிறது?" என்றார். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கிற குறுக்குக் கம்பி லேடீஸ் சைக்கிளில் இல்லை. அந்தக் கம்பியில் பிள்ளை, பின்னால் கேரியரில் குடமோ, அரிசிப் பையோ. சாய்நாத்தும் அதே காரணத்தைத்தான் கேட்டு எழுதியிருக்கிறார் என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது.

வெளிநாட்டில் இதற்குக் 'கார்கோ பைக்' என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் விற்கிறார்கள். டென்மார்க்கில் 1984-ல் கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பில், முன்னால் இரண்டு சக்கரமும் ஒரு மரப்பெட்டியும் வைத்த சைக்கிள் ஒன்றைச் செய்தார்கள். இன்றைக்கு கோபன்ஹேகனில் அந்தப் பெட்டியில் பிள்ளைகளை உட்காரவைத்துத்தான் பள்ளிக்கும் கடைக்கும் போகிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையில் இருந்தவர்களுக்கு மீன்பாடி வண்டி தெரியும். முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் பலகை, பின்னால் ஒரு சக்கரம். அதே அமைப்பு. நாம் அதில் மீனையும் சிமெண்ட் மூட்டையையும் ஏற்றினோம், அவர்கள் பிள்ளைகளை ஏற்றினார்கள்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்கு எட்டு வயது, 24 கிலோ. பேரன் 16 கிலோ. இரண்டு பை சேர்த்தால் 48 கிலோ வந்துவிடும். சாதாரணச் சைக்கிளில் கம்பியில் ஒன்று, கேரியரில் ஒன்று என்று என் அப்பா எங்களை ஓட்டியிருக்கிறார். எனக்கு இந்த வயதில் அந்தத் தைரியம் இல்லை. ஒரு கடையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பழைய மூன்று சக்கர சைக்கிள் விலைக்கு வந்தது. வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறைத் தம்பி, "என்ன ஐயா, இட்லிக் கடை போடப் போறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

நீங்கள் யாராவது செய்வதாக இருந்தால் இதைக் கவனித்துக் கேளுங்கள். நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது.

இந்த வண்டிகளில் பிரேக் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். பின்னால் சுமை இருக்கும்போது அது போதவே போதாது, இறக்கத்தில் சுமை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். பின் அச்சில் ஒரு டிரம் வைத்து, கையால் இழுக்கிற மாதிரி இன்னொரு பிரேக் போட்டோம். அடுத்தது ஸ்போக்ஸ். குழந்தைகள் கால் சும்மா இருக்காது. சக்கரத்தில் கால் மாட்டி எலும்பு முறிந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இரண்டு பின் சக்கரத்தையும் உள்பக்கமாகத் தகரத்தால் முழுக்க மூடினோம், விளிம்பை மடக்கிவிட்டு. பெஞ்சை முதலில் பின்னால் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டார். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை, சத்தம் நின்றால் பயம் வந்தது. முன்னால் பார்க்கிற மாதிரி மாற்றி, ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி பொருத்தினோம். கார் உதிரிபாகக் கடையில் வாங்கிய பழைய சீட் பெல்ட் இரண்டு. வெயிலுக்கும் மழைக்கும் மேலே தார்பாய். பின்னால் ஒளியைத் திருப்பிக் காட்டும் ஸ்டிக்கர், உயரமான கம்பியில் ஆரஞ்சுத் துணி. கொடி எந்தக் கட்சி என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

ஓட்டுவது வேறு வித்தை. ஐம்பது வருஷம் இரண்டு சக்கரம் ஓட்டினவன் என்ற கர்வத்தோடு முதல் நாள் காலி வண்டியில் ஏறினேன். சைக்கிளில் வளைவு வந்தால் உடம்பு தானாகச் சாயும், வண்டியும் கூடச் சாயும். மூன்று சக்கரம் சாயாது. ரோடு ஓரம் சரிந்திருந்தால் வண்டி அந்தச் சரிவுக்கே இழுக்கும். போதாததற்கு, பின்னால் ஒரு சக்கரத்துக்குத்தான் மிதி வேகம் போகிறது, அதனால் அழுத்தி மிதித்தால் ஒரு பக்கம் ஒதுங்கும். இருபது அடி போவதற்குள் ஓடைப் பள்ளத்தில் முன் சக்கரத்தை இறக்கிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, பென்ஷன் இருக்குல்ல, பேசாம வீட்ல உக்காருங்களேன்" என்றாள். இரண்டு வாரம், அதிகாலை ஐந்தரைக்கு, அரிசி மூட்டையை வைத்து ஓட்டிப் பழகினேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவில் அல்ல. கடைசியில் இவ்வளவுதான் சூட்சுமம்.

கணக்குச் சொல்லாவிட்டால் நான் பி.காம். படித்ததற்கு அர்த்தம் இல்லை. பழைய வண்டி 9,000. வெல்டிங், பெஞ்ச், தகரம், பிரேக் 6,200. பெல்ட், தார்பாய், கண்ணாடி, இரண்டு சின்ன ஹெல்மெட் 2,300. மொத்தம் 17,500. ஆட்டோவுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,400 என்று இரண்டு பேருக்கு 2,800 கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏழாம் மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். என் முழங்காலின் தேய்மானத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மோட்டார் வைக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். விதி என்ன சொல்கிறது என்றால், மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். என் வண்டி இரும்பு. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன், 60-ஐத் தாண்டிவிட்டது. மோட்டார் வைத்தால் சட்டப்படி வேறு வகையாகிவிடும். அதனால் மிதிதான். புதிதாகச் செய்கிறவர்கள் இலேசான குழாயில் செய்தால் இந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்கும்.

இனி வழி. வீட்டிலிருந்து பள்ளி சுமார் நாலு கிலோமீட்டர். கிரிவலப் பாதையிலேயே போய், செங்கம் சாலையைத் தொடுவதற்கு முன்னாலேயே உள்ளே திரும்பிவிடலாம். இருபத்தைந்து நிமிஷம். மலை இடப் பக்கம் கூடவே வரும். கிரிவலம் வருகிறவர்கள் எல்லாம் எதிரே வருவார்கள். தினமும் காலையில் மலையை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறீர்களே என்று என் மனைவிக்கு ஒரு குறை. திரும்பி வரும்போது பிரதட்சிணம்தானே, பற்று வரவு நேராகிவிடுகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகள் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் பேசுகிற பேச்சு ஆட்டோவில் எனக்குக் கிடைத்திருக்காது. குரங்குகளை எண்ணுவார்கள். நாலாம் வாய்ப்பாடு முழுக்க அந்த ரோட்டில்தான் வந்தது. ஆனால் எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வாரம் பேத்தி, "தாத்தா, ஸ்கூல் மூலையிலயே என்னை இறக்கி விட்டுடுங்க" என்றாள். வகுப்பில் யாரோ குப்பை வண்டி என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதும் அவள் மூலையில்தான் இறங்குகிறாள். பையன் வாசல் வரை மணி அடித்துக்கொண்டே வருவான். பெரிய மழை என்றால் போக முடியாது. கோடையில் மதியம் தார்பாய்க்கு அடியில் வெந்துவிடும், அரை நாள் பள்ளி இருக்கும் மாதங்களில் வேறு வழி பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிற அப்பா அம்மாவுக்கு இது ஒத்துவராது. நம்மைப் போல ரிடையர் ஆனவர்களுக்குத்தான் ஒத்துவரும். நம் நகரில் நமக்குப் பஞ்சமில்லை.

எனக்குப் பயம் தருவது வண்டி இல்லை. பின்னால் வருகிற சத்தம். நான் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் போகிறேன். பக்கத்தில் அறுபதில் ஒரு கார் உரசிக்கொண்டு போனால் தார்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், பையன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வான். செங்கம் சாலையில் பெங்களூரு வண்டிகள் வருகின்றன, அது தெரிந்ததுதான், அதனால் அங்கே நான் போவதில்லை. ஆனால் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நம் பாதையில் என்னைத் தாண்டிப் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை எனக்குத் தெரிந்த வண்டிகள். ஓட்டுகிறவர்கள் எனக்குக் கையும் காட்டுகிறார்கள்.

கூட்டு வட்டியை நாம் எல்லோரும் புரிந்துகொள்வோம். வேகமும் அப்படித்தான் வஞ்சிக்கும். 20-ல் வந்த வண்டி 40-ல் வந்தால் மோதுகிற ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. 60 என்றால் ஒன்பது மடங்கு. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். நடப்பவர்களும் சைக்கிளும் வண்டிகளும் கலந்து போகிற இடத்தில் 30-க்கு மேல் வேண்டாம் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு சொன்னது.

நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு, பிறக்கும்போதே அப்படி என்று நினைத்திருந்தேன். இல்லை. 1971-ல் அங்கே சாலையில் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் தாய் தகப்பன்மார் ரோட்டில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு சொன்னபோது, வண்டி இல்லாத ரோடு எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். நமக்கு அதை மாதாமாதம் பௌர்ணமி காட்டுகிறது. அன்றைக்கு இந்தப் பாதைக்குள் வண்டியை விடுவதில்லை. கூட்டம் இருக்கும், இரைச்சல் இருக்கும், ஆனால் நாலு வயதுப் பிள்ளை அப்பா கையை விட்டு ஓடும், யாரும் பதறுவதில்லை.

பௌர்ணமி மாதிரி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பள்ளி நாட்களில் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை மூன்றரையிலிருந்து ஐந்து வரையும், நம் ஊர்ப் பகுதிக்குள் 30 என்று பலகை வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல் துறைக்கும் சங்கத்தின் பெயரில் மனு. நகலை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பலகை வருகிறதோ இல்லையோ, நம் வீட்டு வண்டிகள் நாளையிலிருந்தே 30-ல் போகலாம், அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். என் மகனிடமும் சொல்லியிருக்கிறேன். அவனும் அறுபதில் போகிறவன்தான்.

என் பெஞ்சில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. அதே பள்ளி, அதே நேரம், 20 கிலோவுக்குள் என்றால் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள்வேன், காசு வேண்டாம், ஹெல்மெட் மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும். இரண்டாவது வண்டி செய்ய யாராவது முன்வந்தால் பட்டறைக்குக் கூட வருகிறேன், அளவுகள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி என் வீட்டு வாசலில் நிற்கும். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாருங்கள். அரிசி மூட்டையும் தயாராக இருக்கும். ஓடைப் பக்கம் மட்டும் நான் நின்றுகொள்கிறேன்.